அம்மாவின் சுருதிப் பெட்டி மெல்போர்னுக்குப் போன விதம்

"சித்தி, பாட்டியோட சுருதிப் பெட்டி எனக்கு வேணும். அனுப்பி வைக்கறீங்களா?"

மெல்போர்னில் இருக்கும் அக்கா மகள் ஏப்ரல் மாதம் இப்படிக் கேட்டாள். சரி என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. கொடுக்க மனமில்லாமல் அல்ல. அம்மாவிடம் பாட்டுக் கற்றுக்கொண்ட எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் இன்றும் தினமும் உட்கார்ந்து பாடுகிறவள் அவள் ஒருத்திதான். பாடும்போது ஆதார சுருதியை விடாமல் ஒலிக்கும் அந்த மின்னணுப் பெட்டி அவளுக்குத்தான் சேர வேண்டும். என் தயக்கம் வேறு. கோவையில் ஒரு கருவித் தொழிற்சாலையின் டிஸ்பேட்ச் பிரிவில் 17 வருடமாக வேலை செய்கிறேன். நூற்பாலைகளுக்கான சோதனைக் கருவிகள் செய்கிறோம். பங்களாதேஷ், வியட்நாம், துருக்கி, உஸ்பெகிஸ்தான் என்று என் கையெழுத்துப் போட்ட பெட்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. வழியில் ஒரு பெட்டிக்கு என்னவெல்லாம் நடக்கும் என்பது தெரிந்தவள் நான். தொழிற்சாலைக் கருவி உடைந்தால் இன்னொன்று செய்து அனுப்பலாம். அம்மாவின் பெட்டிக்கு மாற்று கிடையாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு லேப்டாப்போ, கீபோர்டோ, பழைய ரேடியோவோ அனுப்ப நினைக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி வழி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி முடிவதில்லை. இந்த ஒரு பெட்டியை நான் அனுப்பிய விதத்தையே எழுதிவிடுகிறேன்.

முதலில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். டாக்காவில் ஒரு மில்லுக்குக் கருவி போயிருந்தது. நானே நின்று பேக் செய்தது. கருவியைச் சுற்றி தெர்மகோல் பலகையை இறுக்கமாக அடுக்கி, ஏழு பிளை, அதாவது ஏழு அடுக்கு அட்டைப் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, நான்கு பக்கமும் கண்ணாடிக் கோப்பைப் படம் ஒட்டியிருந்தேன். பெட்டி டாக்காவில் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கியது. மில்காரர்கள் கருவியை வெளியே எடுத்ததும் உள்ளே கடகடவென்று சத்தம். மூடியைக் கழற்றிப் படம் அனுப்பினார்கள். அரைக் கிலோ எடையுள்ள டிரான்ஸ்பார்மர் சர்க்யூட் போர்டிலிருந்து பிய்ந்து, போர்டின் ஒரு மூலையையும் கூடவே பெயர்த்துக்கொண்டு, உள்ளே உருண்டுகொண்டிருந்தது. வெளிப்பெட்டி முழுசாக இருந்ததால் இழப்பீடும் கிடைக்கவில்லை.

எங்கள் பேக்கிங் பிரிவில் அப்போது ஒரு பெரியவர் இருந்தார். தச்சு வேலையிலிருந்து வந்தவர். படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை நான் இன்னும் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். "கண்ணு, கீழ விழுந்தா பொட்டிதான் நிக்கும். உள்ள இருக்கறது இன்னும் போயிட்டேதான் இருக்கும்."

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேசை உயரம் 76 செ.மீ. அங்கிருந்து விழும் பொருள் 1 செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிட்டால், அதன் மீது விழும் விசை அதன் எடையைப் போல ஏறத்தாழ 76 மடங்கு. என் அரைக் கிலோ டிரான்ஸ்பார்மர் அந்தக் கணத்தில் 38 கிலோவாக இழுத்திருக்கிறது. அதைத் தாங்கிப் பிடித்திருந்தவை சில ஈயப் பற்றுகள். அதே பொருள் 4 செ.மீ. அமுங்கி நின்றிருந்தால் 19 மடங்குதான், அதாவது ஒன்பதரை கிலோ. போர்டு பிழைத்திருக்கும். நான் இறுக்கமாக அடுக்கிய தெர்மகோல் கருவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, ஆனால் அமுங்கவே இல்லை. மெத்தை என்று நினைத்து நான் வைத்தது சுவர்.

மின்னணுப் பொருள் அனுப்புகிறவர்கள் எல்லோரிடமும் இந்த ஒன்றை நான் மன்றாடியே சொல்வேன். உள்ளே இருக்கும் பொருள் ஆடவும் கூடாது, கெட்டியாகச் சிக்கிக்கொள்ளவும் கூடாது. நிற்பதற்கு அதற்குக் கொஞ்சம் தூரம் கொடுக்க வேண்டும்.

இனி அம்மாவின் பெட்டி. எண்பதுகளில் வாங்கியது. இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடை. முன்பக்கம் நான்கு குமிழ்கள். சுருதிக் குமிழின் பக்கத்தில் அம்மா நெயில் பாலிஷில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார், அவர் பாடும் சுருதி அளவான ஐந்தரைக் கட்டைக்கு அடையாளமாக. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த குங்குமம் மேல்மூடியில் படிந்து இருந்தது. பின்பக்கக் காற்றுத் துளை ஒன்றில் காய்ந்த சாமந்தி இதழ் ஒன்று சொருகிக் கிடந்தது.

அந்த இதழை எடுத்துவிட்டேன். எடுக்க மனம் வரவில்லைதான், ஆனாலும் எடுத்தேன். ஆஸ்திரேலியாவில் செடி, விதை, மரம், வைக்கோல் எதுவும் சோதனை இல்லாமல் உள்ளே போகாது. காய்கறி, பழம், முட்டை வந்த அட்டைப் பெட்டியில் சாமான் வைத்து அனுப்பினாலும் பிடித்துவைப்பார்கள். மளிகைக் கடையில் வாங்கிய காலிப் பெட்டி மிச்சம் என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இதழை அம்மாவின் பாட்டு நோட்டுக்குள் வைத்தேன். குங்குமத்தைத் தொடவில்லை.

பிறகு அடிமூடியின் திருகுகளைக் கழற்றினேன். எல்லோரும் இதைச் செய்ய வேண்டாம், பழக்கம் உள்ளவர்கள் செய்யலாம். உள்ளே எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. நினைத்தபடியே ஒரு டிரான்ஸ்பார்மர். நல்லவேளையாக அது போர்டில் இல்லாமல் அடித்தகட்டில் இரண்டு போல்ட்டில் நின்றது. ஒரு போல்ட் லூசாகியிருந்தது. அப்படியே அனுப்பியிருந்தால் பெங்களூரு தாண்டுவதற்குள் டாக்கா கதை திரும்ப நடந்திருக்கும். வாஷர் போட்டு முறுக்கினேன். பேட்டரி அறையில் நான்கு பென்டார்ச் செல்கள் எந்தக் காலத்திலோ கசிந்து ஸ்பிரிங் மீது பச்சை பூத்திருந்தது. செல்களை எடுத்துவிட்டுச் சுத்தம் செய்தேன். கழற்ற முடிகிற எந்த பேட்டரியையும் கழற்றிவிட்டு அனுப்புவதே நல்லது. வழியில் தானாக ஆன் ஆகாது, கசியாது, கவுண்டரில் கேள்வியும் குறையும்.

மூடும் முன் பெட்டியை ஓடவிட்டு செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்தேன். பின்பக்க சீரியல் எண்ணையும் படம் பிடித்துக்கொண்டேன். அனுப்பும்போது வேலை செய்தது என்பதற்கு நாளைக்கு நம் கையில் இருக்கப்போகும் சாட்சி அது ஒன்றுதான். லேப்டாப், ஹார்ட் டிஸ்க் அனுப்புகிறவர்களுக்கு இதைவிட முக்கியம், உள்ளே இருப்பதை முதலில் வேறோர் இடத்தில் பிரதி எடுத்துவைப்பது. சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு அடியில் போய்விடும். கல்யாணப் படங்களின் ஒரே பிரதியை பார்சலில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மாமா பார்த்துவிட்டு, "ஆசாரிகிட்டச் சொல்லி நல்ல மரப்பொட்டியா அடிச்சர்லாமே" என்றார். அன்பில் சொன்னதுதான். ஆனால் பதப்படுத்தாத மரம் கூடாது. பலகையில் பூச்சி, முட்டை இருந்தால் அந்த நாட்டுக் காட்டுக்கே ஆபத்து என்பதால், ஏற்றுமதிக்குப் போகும் மரப்பெட்டியின் மரத்தை அதன் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும், அல்லது புகையூட்ட வேண்டும். அதற்கான முத்திரை பலகையில் இருக்க வேண்டும். ஐஎஸ்பிஎம் 15 என்று நாங்கள் தினமும் உச்சரிக்கும் விதி இது. எங்கள் தொழிற்சாலையில் பெரிய கருவிகளுக்கு அப்படித்தான் செய்கிறோம். இரண்டு கிலோப் பெட்டிக்கு அது தேவையில்லை. மரம் வெளியிலிருந்து வரும் குத்தைத் தாங்கும், விழும்போது ஏற்படும் உலுக்கலைத் தாங்காது.

நான் செய்தது பெட்டிக்குள் பெட்டி. டவுன்ஹால் பக்கம் போய்ப் புதிய அஞ்சு பிளை அட்டைப் பெட்டிகள் இரண்டு அளவில் வாங்கினேன். ஒருமுறை பயன்பட்டு, மழைக்காற்றில் நமத்துப்போன அட்டைக்குப் பாதி பலம்கூட இருக்காது. மெத்தைக்கு இ.பி.இ. ஃபோம், அந்த வெள்ளை ஷீட். கையால் அழுத்தினால் அமுங்கி, விட்டால் மெல்ல எழ வேண்டும். செய்தித்தாளைக் கசக்கி அடைப்பதை நான் ஏற்பதில்லை. லாரி குலுங்கக் குலுங்க அது அமுங்கிக்கொண்டே போய், மூன்றாம் நாள் உள்ளே இரண்டு விரல் இடைவெளி விட்டுவிடும்.

சுருதிப் பெட்டியை முதலில் இளஞ்சிவப்பு நிற ஆன்டிஸ்டேட்டிக் கவரில் போட்டேன். தெர்மகோலும் சாதாரண பாலித்தீனும் உரசி உண்டாகும் நிலைமின்சாரம் கண்ணுக்குத் தெரியாமல் போர்டில் உள்ள ஐசி சில்லுகளைக் கொல்லும். மூடிய கருவிக்கு அவ்வளவு பயமில்லை. வெறும் போர்டாக அனுப்புகிறவர்கள் மட்டும் இளஞ்சிவப்பு போதும் என்று விட்டுவிடாமல் வெள்ளி நிறக் கவர் வாங்க வேண்டும். கவருக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. ஆரஞ்சு நிறம் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். நிறம் பார்த்துத்தான் போட்டேன்.

அதிக நேரம் எடுத்தது குமிழ்களுக்குத்தான். நான்கும் ஒரு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. தட்டையான ஃபோம் வைத்தால் பெட்டி முன்பக்கமாக விழும்போது மொத்த எடையும் குமிழ் வழியாக, அதோடு சேர்ந்து உள்ளே திரும்பும் பொட்டென்ஷியோமீட்டர் என்ற பாகத்துக்குப் போகும். அதன் தண்டு வளைந்தால் முடிந்தது கதை. எனவே 3 செ.மீ. ஃபோமில், குமிழ் இருக்கும் இடத்தில் பேனாவால் வட்டம் வரைந்து, கட்டரால் நான்கு குழிகள் வெட்டினேன். குமிழைவிட ஒரு சுற்று பெரிதாக, குமிழைவிட ஆழமாக. வைத்து அழுத்திப் பார்த்தால் குமிழ்கள் எதையும் தொடாமல் காற்றில் நின்றன. எடை முழுக்கப் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தது. முதல் இரண்டு தடவை குழி சரியாக அமையாமல் ஷீட்டை மாற்ற வேண்டியிருந்தது. சுருதிக் குமிழைச் சிவப்புக் கோட்டில் வைத்து, அசையாமல் இருக்கக் காகித டேப் ஒட்டினேன்.

உள்பெட்டி 31, 26, 16 செ.மீ. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மெத்தை வைத்து வெளிப்பெட்டி 41, 36, 26 செ.மீ. இங்கேதான் செலவு வரும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சர்வதேச கூரியரில் தராசு எடையோடு கொள்ளளவு எடையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுக்க வேண்டும். என் பெட்டிக்கு 7.7 வந்தது. தராசில் நாலு கிலோகூட இல்லாத பெட்டிக்கு எட்டுக் கிலோவுக்குப் பணம் கட்டினேன். கட்டிய பணத்தில் பாதிக்கு மேல் காற்றுக்கும் ஃபோமுக்கும். அது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த 5 செ.மீ.தான் சுருதிப் பெட்டி நிற்க நான் வாங்கிய தூரம்.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்தேன். 10 கிலோவுக்குக் குறைந்த பார்சலுக்கு எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. அதே 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போட வேண்டும். ஒரு மூலையில் ஒரு தடவை, அந்த மூலையில் கூடும் மூன்று விளிம்பிலும் ஒவ்வொரு தடவை, பிறகு ஆறு முகத்திலும். சுருதிப் பெட்டியை வைத்துப் போட முடியுமா? ஓடாமல் கிடந்த பழைய இஸ்திரிப் பெட்டியை அதே எடைக்குக் கந்தல் துணி சுற்றி உள்ளே வைத்து, என் மேசையிலிருந்து பத்து முறை தள்ளினேன். கீழ் வீட்டுக்காரர்களிடம் முன்பே சொல்லிவிட்டேன். பத்தாவதற்குப் பிறகு திறந்து பார்த்தேன். வெளிப்பெட்டியின் ஒரு மூலை மடங்கியிருந்தது, உள்பெட்டி அப்படியே இருந்தது. மறுநாள் புதிதாக இன்னொரு வெளிப்பெட்டியும் ஃபோமும் வாங்கி உண்மையான பேக்கிங் செய்தேன்.

உள்ளே ஒரு காகிதமும் வைத்தேன். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், பெட்டியை எப்படித் திறப்பது, திரும்ப எப்படி அடுக்குவது, குழி உள்ள ஃபோம் குமிழ்ப் பக்கம் வர வேண்டும் என்று ஒரு சின்னப் படத்தோடு. சுங்கத்தில் திறக்க வேண்டி வந்தால் திறப்பார்கள், அது அவர்கள் வேலை. திறந்தவருக்கு நாம் அடுக்கிய முறை தெரியாது. நாம் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தால் கத்தியால் கிழிப்பார்கள், பிறகு பெட்டி பெட்டியாக இருக்காது. மேலும் கீழும் நடுக்கோட்டிலும் இரண்டு ஓரத்திலும் டேப் ஒட்டினால் போதும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இதை எழுத உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம்.

அவள் இன்னொன்றும் கேட்டிருந்தாள், பாட்டியின் செல்போன். அம்மா பாடம் நடத்தும்போது அதில்தான் பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்புவார். அலமாரியிலிருந்து எடுத்தபோது அதன் பின்மூடி ஒரு ஓரத்தில் நூலளவு எழும்பியிருந்தது. மேசையில் வைத்தால் தட்டையாக உட்காராமல் ஆடியது. பேட்டரி உப்பிவிட்டது.

அருகில் இருந்த ஒரு பார்சல் ஏஜென்சியில் விசாரித்தேன். அந்தக் கவுண்டரில் இருந்த தம்பி சொன்னார், "செல்போன்னு எழுதாதீங்கக்கா. டாய்ஸ்னு எழுதிச் சுருதிப் பொட்டிக்குள்ளயே வச்சுருங்க. எல்லாரும் அப்படித்தான் அனுப்பறாங்க."

கைநடுக்கத்தோடு வெளியே வந்தேன். அவர் கெட்டவர் இல்லை, என்னவென்று தெரியாமல் சொல்கிறார். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் புறப்பட்ட யுபிஎஸ் என்ற கூரியர் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்றில் 22 நிமிடத்தில் தீ எச்சரிக்கை ஒலித்தது. லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் பற்றிய தீ. புகையில் விமானிகளுக்குத் தங்கள் முன்னால் இருந்த கருவிப் பலகையே தெரியவில்லை. துபாய்க்குத் திரும்ப முயன்று விமானம் விழுந்தது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். அபாயச் சரக்கு என்று அறிவித்திருக்க வேண்டிய பேட்டரிப் பெட்டிகள் சில அப்படி அறிவிக்கப்படாமலே அதில் ஏறியிருந்தன என்று விசாரணையில் தெரியவந்தது. எங்கள் டிஸ்பேட்ச் பிரிவுப் பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து எந்தப் படிவத்திலும் பேட்டரி என்ற கட்டத்தை நான் இரண்டு முறை படிக்கிறேன்.

நல்ல நிலையில் உள்ள செல்போனையோ லேப்டாப்பையோ முறையாக அனுப்ப வழி இருக்கிறது, ஒளிக்கத் தேவையே இல்லை. பேட்டரி கருவிக்குள்ளேயே இருந்தால் அபாயச் சரக்குப் பட்டியலில் அதற்கு யுஎன் 3481 என்று எண். ஆற்றல் 100 வாட்-அவருக்குள் இருந்தால் நடைமுறை எளிது. கணக்கும் எளிது, பேட்டரியின் மில்லி ஆம்பியர்-அவரை (எம்ஏஎச்) 1000-ஆல் வகுத்து வோல்ட்டால் பெருக்க வேண்டும். 4000 எம்ஏஎச், 3.85 வோல்ட் செல்போன் என்றால் 15.4 வாட்-அவர். வீட்டு லேப்டாப்புகள் பெரும்பாலும் 100-க்குள்தான் இருக்கும். முழுவதுமாக ஸ்விட்ச் ஆஃப் செய்து, பட்டன் அமுங்காதபடி வைத்து, படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி, பேட்டரிப் பொருள் ஏற்கும் கூரியரிடம் கொடுக்கலாம். எல்லாக் கிளையும் ஏற்பதில்லை, முன்பே கேட்டுவிட வேண்டும். சார்ஜைக் குறைத்து அனுப்புங்கள், 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். தீப்பிடித்தாலும் வேகம் குறையும். கருவி இல்லாமல் தனியாகப் போகும் லித்தியம் அயான் பேட்டரிகளுக்கு இந்த 30 சதவீதம் 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். பயணிகள் விமானத்தின் சரக்கில் அவை போகவே கூடாது. பவர் பேங்கும் அந்தக் கணக்குதான். ஊருக்குப் போகிறவர் கைப்பையில் எடுத்துப் போகட்டும், 20,000 எம்ஏஎச் என்றாலும் 74 வாட்-அவர்தான் வரும். செக்-இன் பெட்டியில் மட்டும் போடக் கூடாது.

உப்பிய பேட்டரிக்கு எந்த வழியும் இல்லை. விமானத்தில் எந்த வகையிலும் ஏற்றக் கூடாது. பக்கத்து வீட்டுப் பையன் சிட்னிக்குப் போகிறான், அவனிடம் கொடுக்கலாமே என்று அக்கா கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அது தவிர, சீல் வைத்த மின்னணுப் பொருளை அடுத்தவர் பையில் திணிப்பதே தவறு என்பது என் கருத்து. விமான நிலையத்தில் இந்தப் பையை நீங்களே அடுக்கினீர்களா என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

நம்பிக்கையான ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்து, உப்பிய பேட்டரியை எடுத்து வேறொன்று போட்டு, உள்ளே இருந்த பதிவுகளை எடுத்தோம். 41 பதிவுகள். ஒன்றில் அம்மா பாடத்தை நிறுத்திவிட்டு, "அடுப்புல பாலை வச்சுட்டு வந்தேன், இரு" என்று எழுந்து போகிறார். மூன்று நிமிடம் சுருதி மட்டும் ஓடுகிறது. எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி அன்றே அவளுக்கு அனுப்பிவிட்டேன்.

சுருதிப் பெட்டிக்கான படிவத்தில் "பயன்படுத்திய மின்னணு இசைக் கருவி, பேட்டரி இல்லை, அன்பளிப்பு" என்று எழுதினேன். ஆதார் நகலும் பேட்டரி இல்லை என்ற கடிதமும் வாங்கிக்கொண்டார்கள். மதிப்பைக் குறைத்துப் போடவில்லை. ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் வரை சுங்கத் தீர்வை வராது, குறைப்பதற்கு அவசியமே இல்லை. காப்பீடும் தனியாக எடுத்தேன். பலருக்குத் தெரியாத விஷயம் இது. விமானச் சரக்கு சேதமானால் சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பொறுப்பு எடைக்குத்தான், பொருளின் விலைக்கு அல்ல. ஒரு கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு) என்பது இப்போதைய உச்சவரம்பு. நாலு கிலோவுக்கு நூற்று நாற்பது அமெரிக்க டாலர் அளவில் வரும். லட்ச ரூபாய் லேப்டாப்புக்கும் அந்தக் கணக்குதான். சேதத்தை 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். எனவே வாங்குகிறவரிடம் முன்பே சொல்லி வையுங்கள், பெட்டி நசுங்கியிருந்தால் கையெழுத்துப் போடும் இடத்திலேயே அதைக் குறித்துவிட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

ஜூன் முதல் வாரம் போய்ச் சேர்ந்தது. அங்கே குளிர்காலம். அவள் பெட்டியைக் கையில் வாங்கியதும் பிரிக்கப் போனாள், நான் தடுத்துவிட்டேன். குளிர்ந்த இடத்திலிருந்து ஹீட்டர் ஓடும் அறைக்கு வந்த கருவியின் மேல் வியர்ப்பதைப் போல நீர் கட்டும், உள்ளேயும் கட்டும். அப்படியே சுவிட்சைப் போட்டால் ஷார்ட் ஆகலாம். மூடிய பெட்டியாகவே ஒரு முழு நாள் அறையில் வைக்கச் சொன்னேன். ஆஸ்திரேலியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், சாய்ந்த முனை உள்ள பிளக் மாற்றி மட்டும் போதும். அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் அங்கே 120 வோல்ட் என்பதை மறக்கக் கூடாது. லேப்டாப் அடாப்டரில் 100-240 என்று எழுதியிருக்கும், அது தானே சமாளித்துக்கொள்ளும். இந்த மாதிரிப் பழைய டிரான்ஸ்பார்மர் கருவி சமாளிக்காது.

மறுநாள் வீடியோவில் அழைத்தாள். சுங்கத்தில் திறந்திருந்தார்கள். என் காகிதத்தின் ஓரத்தில் யாரோ டிக் அடித்து, படத்தில் இருந்தபடியே குழி ஃபோமைக் குமிழ்ப் பக்கம் வைத்து மூடியிருந்தார்கள். அந்த முகம் தெரியாத மனிதருக்கு நான் மனதாரக் கும்பிடு போட்டேன்.

காகித டேப்பை உரித்துவிட்டு அவள் சுவிட்சைப் போட்டாள். ச, ப, மேல் ச. கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஐந்தரைக்கு ஒரு துளி கீழ நிக்குது சித்தி" என்றாள். பழைய கருவி, இடம் மாறினால் அப்படித்தான், நுண்சுருதிக் குமிழைத் திருப்பு என்றேன். திருப்பினாள். நின்றது.

"இந்தப் பெட்டிய என்ன பண்ண? ரீசைக்கிள்ல போட்டுரட்டுமா?"

"போடாதே கண்ணு. ஃபோமோட அப்படியே பரண்ல வை. என்னைக்காவது ரிப்பேருக்கு இங்க வரணும்னா இதுலதான் வரணும்."

நேற்று ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். அலமாரியின் மேல் அந்த அட்டைப் பெட்டி, அதற்குள் நான்கு குழி வெட்டிய வெள்ளை ஃபோம்.